பார்த்த இடத்திலேயே திருத்தும் பொறி

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 22 ஊராட்சி ஒன்றியங்களில் 9 அங்கே போக, விழுப்புரத்தில் 13 மிஞ்சின. முகையூர் ஒன்றியம் விழுப்புரத்திலேயே நின்றது. தென்பெண்ணையின் தென்கரையில் இருக்கும் திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சிக்குப் போனது. எதிர்க்கரை அரகண்டநல்லூர் விழுப்புரத்தோடு தங்கிவிட்டது. பாலத்தைத் தாண்டினால் மாவட்டம் மாறிவிடும்.

மாவட்டத்தைப் பிரிக்க ஓர் அரசாணை போதும். இணையப் பக்கங்களில் அந்த மாற்றத்தை ஏற்றுவது அவ்வளவு சுலபமில்லை. தமிழ்நாட்டு ஊராட்சிகளைப் பற்றி அரசுத் தரவுகளைக் கொண்டு தானியங்கி உதவியோடு ஏற்றிய ஆயிரக்கணக்கான கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கின்றன. கைக்குழாய் எத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை, ஊரணியோ குளமோ எத்தனை, சுடுகாடு எத்தனை என்று அவற்றில் ஓர் அட்டவணை வரும். மாவட்டம் பிரிந்தாலும் சரி, புதுத் தொட்டி எழும்பினாலும் சரி, யாராவது உட்கார்ந்து மாற்றத்தான் வேண்டும். அதை அந்த ஊர்க்காரரே செய்தால் எவ்வளவு நல்லது! ஆனால் பக்கத்தைத் திருத்தப் போகிற ஊர்க்காரருக்குப் பழைய முறையில் கிடைப்பது இப்படி ஒரு வரி:

'''முகையூர்''', [[விழுப்புரம் மாவட்டம்|விழுப்புரம்]] மாவட்டத்தில் உள்ளது.

மூன்று மேற்கோள் குறி தடித்த எழுத்துக்கு, இரட்டைச் சதுர அடைப்பு இணைப்புக்கு. ஓர் அடைப்பு தவறி அழிந்தால் இணைப்பு உடைந்து, குறிகள் பக்கத்தில் பல்லிளிக்கும். இதைப் பார்த்துப் பயந்து மூடிவிட்டுப் போனவர்கள் நிறைய.

இந்தப் பயத்தைப் போக்க வந்ததுதான் ‘இன்லைன் எடிட்டிங்’. வாசகர் பார்க்கும் பக்கத்திலேயே, பிழை இருக்கும் சொல்லின் மேலேயே கர்சரை வைத்துத் திருத்தலாம். தனிப் பெட்டிக்குப் போக வேண்டியதில்லை. இது புதுக் கனவும் அல்ல. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவியிலேயே பக்கத்தைப் படிக்கவும் எழுதவும் முடிந்தது. பிறகு பரவலான உலாவிகள் படிப்பதற்கு மட்டும் என்று சுருங்கிப்போயின. 1995இல் வார்டு கன்னிங்காம் தொடங்கிய முதல் விக்கி, எழுதும் உரிமையைத் திருப்பித் தந்தது. ஆனால் குறியீட்டுப் பெட்டி வழியாக. 2000இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5, பக்கத்தின் எந்தப் பகுதியையும் எழுதக்கூடியதாக மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. இன்று எல்லா உலாவிகளிலும் அது உண்டு.

அப்படியானால் ஒரு தளத்தில் இதைச் சேர்ப்பது சுலபம்தானே? எழுத விடுவது சுலபம். எழுதியதை உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சிக்கல்.

தமிழ் விக்கிப்பீடியாவின் ஊர்ப் பக்கங்களில் வலப்புறம் ஒரு தகவல் பெட்டி வரும். அதில் முதலமைச்சர் பெயரும் இருக்கும். அந்தப் பெயர் ஊர்ப் பக்கத்தில் எழுதப்பட்டதல்ல. ‘வார்ப்புரு’ என்ற வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே ஒருமுறை மாற்றினால் ஆயிரக்கணக்கான பக்கங்களில் மாறிவிடும். முகையூர்ப் பக்கத்தில் அந்தப் பெயரைத் தட்டி ஒருவர் அழித்தால், பொறி எதை அழிக்க வேண்டும்? அதனால்தான் விக்கியின் இன்லைன் திருத்தியான ‘விஷுவல் எடிட்டர்’, வார்ப்புருவால் வந்த பகுதிக்குள் கர்சரை விடாது. முழுப் பெட்டியையும் ஒரே பொருளாகப் பிடித்து, தட்டினால் ஒரு படிவத்தைத் திறக்கும். கண்ணில் படும் சொல் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாத திருத்தி, உதவியைவிடத் தீங்கையே அதிகம் செய்யும்.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. விக்கியில் சேமிப்பாகியிருப்பது குறியீடு. திரையில் தெரிவதோ எச்டிஎம்எல். ‘பார்சாய்ட்’ என்ற மென்பொருள் முதலில் குறியீட்டை எச்டிஎம்எல்லாக மாற்றித் தருகிறது. திருத்தம் முடிந்ததும் மறுபடி குறியீடாக்குகிறது. ஒரே சொல்லை மாற்றியிருந்தால், திருப்பி எழுதும்போது அந்த இடம் மட்டுமே மாற வேண்டும். மற்ற வரிகளில் ஒரு வெற்றிடம்கூட நகரக் கூடாது. நகர்ந்தால், ‘பக்க வரலாறு’ பார்ப்பவருக்கு உண்மையில் எது மாறியது என்று தெரியாமல் போகும். எனவே கை படாத பகுதிகளுக்குப் பழைய குறியீட்டையே அப்படியே எடுத்து ஒட்டுகிறது பார்சாய்ட்.

இது ஒரே நாளில் கைகூடவில்லை. 2013 ஜூலை 1 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு உள்ளவர்களுக்கெல்லாம் விஷுவல் எடிட்டர் திறக்கப்பட்டது. வேகம் போதவில்லை, தேவையற்ற குறிகள் புகுந்தன, பழைய தொகுப்பாளர்கள் கொதித்தார்கள். செப்டம்பரில் ‘வேண்டுவோர் மட்டும் இயக்கலாம்’ என்று பின்வாங்க வேண்டியதாயிற்று.

தமிழுக்குத் தனிப் பாடும் உண்டு. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ஆங்கில எழுத்தைத் தட்டத் தட்ட, முன்பு விழுந்ததை அழித்து அந்த இடத்தில் தமிழ் எழுத்தை வைக்க வேண்டும். எளிய பெட்டியில் இது சாதாரண வேலை. திருத்தும் பக்கத்திலோ ஒரு வாக்கியம் தடித்த எழுத்து, இணைப்பு, சாதாரண எழுத்து எனத் துண்டுகளாகக் கிடக்கும். துண்டின் விளிம்பில் தட்டினால் பழைய எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். விக்கியின் உள்ளீட்டுக் கருவி தமிழ்99, பாமினி, ஒலிபெயர்ப்பு என எல்லா முறைகளுக்கும் இதைச் சமாளிக்கிறது. தமிழ்த் தளத்துக்கு இன்லைன் எடிட்டிங் சேர்க்கும் எவரும் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

செய்தித் தளங்கள் அதிகம் நம்பும் வேர்டுபிரெஸ் இன்னொரு வழியைப் பிடித்தது. 2008 டிசம்பரில் வந்த அதன் 2.7 பதிப்பில், நிர்வாகப் பக்கத்தின் பதிவுப் பட்டியலிலேயே ‘குயிக் எடிட்’ வந்தது. தலைப்பு, தேதி, வகை ஆகியவற்றைக் கட்டுரையைத் திறக்காமலேயே மாற்றலாம். அந்த ஒரு வரிசை மட்டும் சேமிப்பாகும். உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. ஆசையைக் குறைத்துக்கொண்டதால் இன்றுவரை நின்று உழைக்கிறது. எதிர்முனையில், ட்ரூபல் என்ற தள மென்பொருளின் 8ஆம் பதிப்பு 2015 நவம்பரில் பக்கத்தின் மேலேயே திருத்தும் வசதியோடு வந்தது. 2022 டிசம்பரில் வந்த ட்ரூபல் 10இன் மையத் தொகுப்பில் அது இல்லை.

ஒரே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் திறந்தால்? வேர்டுபிரெஸ் ‘இன்னொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்று எச்சரிக்கும். விக்கி யாரையும் தடுப்பதில்லை. இருவரும் வேறு வேறு பத்திகளைத் தொட்டிருந்தால் தானே இணைத்துவிடும், ஒரே வரியைத் தொட்டிருந்தால் பின்னால் சேமிப்பவரிடம் கேட்கும். ஊர்ப் பக்கங்களுக்கு விக்கியின் வழியே பொருத்தம். ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றில் பதிவாவதால், தவறு நேர்ந்தாலும் ஒரு தட்டில் மீட்டுவிடலாம்.

முகையூர், அரகண்டநல்லூர், திருக்கோவிலூர்ப் பக்கத்து வாசகர்கள் தங்கள் ஊராட்சிப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். மாவட்டம் சரியா, குளத்தின் எண்ணிக்கை சரியா, பள்ளிக் கட்டடம் விடுபட்டிருக்கிறதா என்று கவனித்து, சான்று கையில் இருந்தால் ‘தொகு’ பொத்தானைத் தட்டித் திருத்திவிடுங்கள்.