தானியங்கி மின்மீட்டர் தரவு மேலாண்மை

மின்மீட்டர் காட்டும் அளவை ஆள் நேரில் சென்று குறிக்காமல், தொலைத்தொடர்பு வழியாகப் பெற்றுக்கொள்ளும் முறை தானியங்கி மீட்டர் அளவீடு எனப்படும். தொடக்க காலக் கருவிகளில் தரவு மீட்டரிலிருந்து அலுவலகத்துக்கு மட்டுமே வந்தது. இன்றைய ஸ்மார்ட் மீட்டர்களுக்கு அலுவலகத்திலிருந்து கட்டளையும் அனுப்பலாம். இணைப்பைத் துண்டிக்கலாம், திரும்பக் கொடுக்கலாம். இப்படி வந்து சேரும் அளவுகளைச் சேமித்து, சரிபார்த்து, விடுபட்டதை நிரப்பி, கட்டணப் பிரிவுக்குக் கொடுக்கும் பணியே மீட்டர் தரவு மேலாண்மை.

அளவு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் வேலை தொடங்குகிறது. வந்த எண்ணை அப்படியே பில்லில் போட முடியாது. ஏன் என்பதற்குத் தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணமே நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு யூனிட்டின் விலை

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 500 யூனிட் வரை பயன்படுத்தியவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், அதற்கு மேல் 6 ரூபாய். 500 யூனிட்டுக்குக் கூட்டினால் 1,725 ரூபாய் வரும். 500-ஐத் தாண்டிவிட்டால் அட்டவணையே மாறுகிறது: 101-லிருந்தே 4.50 ரூபாய், 501-லிருந்து 8 ரூபாய். எனவே 501 யூனிட்டுக்குக் கட்டணம் 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! பின்னர் விகிதங்கள் உயர்ந்திருக்கின்றன. ஆனால் இந்தப் படி அப்படியே இருக்கிறது.

மின் கணக்கீட்டாளர் மூன்று நாள் தாமதமாக வந்தால், நாளொன்றுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 24 யூனிட் கூடிவிடும். 490-இல் நிற்க வேண்டியது 514 ஆகும். தாமதம் ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது. ஸ்மார்ட் மீட்டர் இந்தக் குறையைத் தீர்க்க வல்லது. கணக்கு நாளின் நள்ளிரவில் அளவைத் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். அது எப்போது வந்து சேர்ந்தாலும் எண் மாறாது. மீட்டரின் கடிகாரம் சரியாக ஓட வேண்டும் என்பதே நிபந்தனை. அதனால் அலுவலகக் கணினி மீட்டர்களின் நேரத்தை அவ்வப்போது ஒத்துப்பார்த்துத் திருத்துகிறது.

தரவு வரும் வழி

இந்தியாவில் ஸ்மார்ட் மீட்டர்களுக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 16444, 2015-இல் வெளியானது. மீட்டர் தரவை எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்பதை ஐ.எஸ். 15959 வகுக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் மீட்டர்கள் ஒரே மொழியில் பேசுவதற்காகவே இந்த ஏற்பாடு. மீட்டர் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டைக் குறித்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அது செல்பேசி வலையமைப்பு வழியாகவோ, அக்கம்பக்கத்து மீட்டர்கள் கைமாற்றி அனுப்பும் ரேடியோ அலை வழியாகவோ மைய வாங்கிக் கணினிக்குச் செல்கிறது.

அளவைப் பாருங்கள். 30 நிமிட இடைவெளி என்றால் ஒரு மீட்டரிலிருந்து நாளுக்கு 48 பதிவுகள். தமிழ்நாட்டின் மின் இணைப்புகள் 3 கோடிக்கும் மேல். எல்லாவற்றிலும் இத்தகைய மீட்டர் வந்துவிட்டால் நாளொன்றுக்கு 144 கோடிப் பதிவுகளைத் தாண்டும். கையால் எடுத்த காலத்தில் இணைப்புக்கு ஆண்டுக்கு ஆறு எண்களே இருந்தன.

வெற்றிடமும் பூஜ்யமும்

இந்தத் துறையில் மிகுதியான பிழைகள் பிறக்கும் இடம் இதுதான். ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், மெயின் சுவிட்சும் அணைந்திருந்தால், பயன்பாடு பூஜ்யம். அது உண்மையான அளவு. தொடர்பு அறுந்து தரவு வராவிட்டால் அங்கே அளவே இல்லை; அது வெற்றிடம். வெற்றிடத்தை மென்பொருள் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் சராசரி குறையும்; நிலுவை எல்லாம் சேர்ந்து பின்னொரு மாதத்தில் ஒரே பில்லாக வந்து இறங்கும். 500 என்ற படியை அந்த வீடு தாண்டுவதும் அப்போதுதான்.

இடைவெளியை நிரப்ப முறை உண்டு. மீட்டர் அரைமணிக் கணக்கோடு, தொடக்கத்திலிருந்து ஓடிவரும் மொத்தக் கணக்கையும் வைத்திருக்கிறது. இரவு 2 மணிக்கு மொத்தம் 4210.4 என்றும், தொடர்பு மீண்ட காலை 8 மணிக்கு 4213.6 என்றும் இருந்தால், இடையில் செலவானது 3.2 யூனிட். அதில் ஐயமில்லை. அந்த 3.2-ஐப் பன்னிரண்டு அரைமணிகளுக்குள் எப்படிப் பிரிப்பது என்பதில் மட்டுமே மதிப்பீடு நுழைகிறது. பெரும்பாலும் அதே வீட்டின் முந்தைய வாரப் பழக்கத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். வீட்டுப் பில்லுக்கு இது பொருட்டல்ல. உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் கட்டும் தொழிற்சாலைக்கோ இந்தப் பிரிவினையே பணம்.

ஆகவே நிரப்பிய எண் ஒவ்வொன்றுக்கும் ‘மதிப்பீடு’ என்ற குறி இருக்க வேண்டும். மீட்டர் அனுப்பிய மூல எண்ணை ஒருபோதும் அழிக்கக் கூடாது. திருத்தம் அதன் பக்கத்தில்தான் எழுதப்பட வேண்டும். யார் திருத்தினார், எப்போது, எதற்காக என்பதும் உடன் இருக்க வேண்டும். நுகர்வோர் ஒருநாள் முறையிட்டால் காட்டுவதற்கு அதைத் தவிர வேறு சான்று கிடையாது.

குடிசைக்கு லட்ச ரூபாய்

சிறு வீட்டுக்கு லட்சக்கணக்கில் பில் வந்ததாக அவ்வப்போது செய்தி வருவதைப் பார்க்கிறோம். இதற்குக் கூடிய காரணங்களில் ஒன்று மிக எளிது. ஐந்திலக்க மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குத் திரும்பும். அல்லது பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியிருப்பார்கள். புதிய அளவு பழையதைவிடக் குறைவாக இருப்பதைக் கண்ட மென்பொருள், மீட்டர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது என்று கொள்ளும். பழைய அளவு 8,000, புதியது 40 என்றால் கணக்கு 92,040 யூனிட்! அந்த இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவில் இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினாலும் இவ்வளவு ஆகுமா என்று ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தாலே பில் வெளியே போயிருக்காது.

சரியான எண், தவறான வீடு

இதைவிடக் கடினமான பிழை ஒன்று உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் மீட்டர் பலகையில் புது மீட்டர் பொருத்தும்போது இரண்டு வீடுகளின் இணைப்பு எண்கள் இடம் மாறிவிட்டன என்று கொள்வோம். தரவு தினமும் ஒழுங்காக வரும். எந்தச் சோதனையிலும் சிக்காது. இரண்டு எண்களும் இயல்பானவை. வீடு மட்டும் வேறு. ஒரு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, எந்த மீட்டர் நிற்கிறது என்று பார்ப்பதே இதற்குத் தீர்வு. அதாவது, கணினிக்குப் பிடிபடாததை மனிதர் மாடியேறிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மின்மாற்றியிலும் ஒரு மீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை கிடைக்கிறது. அதன் கீழுள்ள இணைப்புகளின் கூட்டுத்தொகையை மின்மாற்றியின் அளவோடு ஒப்பிடலாம். சிறு வேறுபாடு கம்பியில் இழப்பு; பெரிய வேறுபாடு திருட்டு, பழுதான மீட்டர், அல்லது வேறு மின்மாற்றியின் பெயரில் பதிவான வீடு. மூன்றாவதுதான் சலிப்பூட்டுவது, ஆனால் திருட்டென்று சந்தேகிக்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது.

யார் பார்க்கலாம்

அரைமணிப் பதிவைப் படித்தால் ஒரு குடும்பம் எப்போது எழுகிறது, எப்போது வெளியூர் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2009-இல் மேலவை ஏற்காமல் விட்டதற்கு இந்த அந்தரங்கக் கவலை முக்கியக் காரணம். பில் போடுபவருக்கு அரைமணிப் பதிவு தேவையில்லை. மின்பளுத் திட்டமிடுபவருக்குப் பெயரும் முகவரியும் தேவையில்லை. இரண்டையும் தனித்தனியே வைத்து, திறந்து பார்த்தவரின் பதிவையும் வைத்திருப்பது வழக்கம்.

நுகர்வோருக்குத் தன் தரவைப் பார்க்கும் உரிமை உண்டு. மத்திய அரசு 2023-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து படித்து, அந்த அளவை நுகர்வோருடன் பகிர வேண்டும். கணக்கு நாள் வரும்வரை காத்திராமல், 500 நெருங்குகிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.