பழைய ராணுவ ஜீப்: புதுப்பிக்கும் செலவு தகுமா?

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, காரைக்குடித் தம்பி ஒருவர் நம்மை ஓரமாக அழைத்து, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சக்கரம் கழற்றப்பட்டு, செங்கல் மேல் நிற்கும் ஒரு ஜீப். "ஹஸ்ரத், பட்டாளத்து வண்டி. சவூதியில இருந்து கொண்டுவந்த பணத்துல இதை எடுத்துச் சரிபண்ணலாம்னு இருக்கேன். அத்தா வீண் செலவுன்னு திட்டுறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

இது மார்க்கக் கேள்வியா, மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வியா என்று முதலில் நமக்கே விளங்கவில்லை. வண்டியின் விவரம் தெரியாமல் இஸ்ராஃப் என்றோ, ஆகுமானது என்றோ சொல்லிவிட முடியாது. எனவே இரண்டு மூன்று பட்டறைகளில் விசாரித்தோம், விதிகளையும் படித்தோம். இந்த ஆசை வேறு பல வீடுகளிலும் இருப்பதால் தெரிந்ததை எழுதுகிறோம்.

காரைக்குடியில் இப்படி ஓர் ஆசை வருவதில் வியப்பில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழைய தேக்குக் கதவும், பீங்கான் ஜாடியும், எனாமல் பாத்திரமும் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்க்கலாம். பழையது என்றாலே பணம் என்ற எண்ணம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் கதவு மூலையில் சும்மா கிடந்தாலும் அதன் விலை ஏறும். வண்டி சும்மா கிடந்தால் டயர் வெடிக்கும், பெட்ரோல் டாங்கில் துரு பிடிக்கும், பிரேக் சிலிண்டர் இறுகிக்கொள்ளும்.

இந்த ஜீப்புகள் நம் நாட்டுக்கு வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. 1947-ல் மும்பையில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கிய நிறுவனத்தின் அன்றைய பெயர் மஹிந்திரா அண்ட் முஹம்மத். அந்த முஹம்மத், மாலிக் குலாம் முஹம்மத். பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார். 1948-ல் நிறுவனம் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. பின்னாளில் ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிஸான் வடிவமைப்பில் ஜோங்கா என்ற வண்டியும் செய்யப்பட்டது. இன்று 'பட்டாளத்து வண்டி' என்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இவற்றின் மேல் உள்ள பாசத்தை வெறும் பகட்டு என்று நாம் தள்ளிவிட மாட்டோம். 1965 செப்டம்பர் 10 அன்று பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு பேட்டன் டாங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து, அந்தச் சண்டையிலேயே உயிர் நீத்தார். பரம்வீர் சக்கரம் பெற்ற அந்த வீரரைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு பழைய ஜீப் முற்றத்தில் நின்றால் அந்தப் பேச்சு வரும். அதற்கும் ஒரு மதிப்பு உண்டுதானே!

இனி பட்டறைக் கணக்குக்கு வருவோம். வண்டி வாங்கும் விலை சிறிய செலவு என்பதில் எல்லா மெக்கானிக்குகளும் ஒன்றுபடுகிறார்கள். பெரிய செலவு டிங்கரிங்கில் இருக்கிறது. மேலே தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருக்கும் தகரம், பெயின்டைச் சுரண்டினால் சல்லடையாக இருக்கும். சேஸிஸில் துரு இறங்கியிருந்தால் உடலை முழுவதும் கழற்றித்தான் வேலை பார்க்க வேண்டும். என்ஜினுக்குப் போர் போட்டு, பிஸ்டன் செட் மாற்றி, லேத்தில் கொடுத்து வாங்குவது தனி. போர்க்கால வில்லிஸில் மின்சார அமைப்பு 6 வோல்ட். இன்றைய பல்பும் பேட்டரியும் 12 வோல்ட். சில உதிரிகளைக் காயலான் கடை காயலான் கடையாகத் தேட வேண்டும். (இந்தச் சொல்லே காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்பார்கள்!) ஒரு பட்டறைக்காரர் நம்மிடம் வெளிப்படையாகச் சொன்னார்: "முதல்ல சொல்ற எஸ்டிமேட்டை நம்பாதீங்க. நான் சொன்னாலும் நம்பாதீங்க."

இதைவிட முக்கியமானது சட்டம். தம்பிமார்கள் சறுக்குவது இங்கேதான்.

ராணுவ ஏலத்தில் போன வண்டி என்றால் ஏலக் காகிதமும், பிறகு பதிவான ஆர்.சி. புத்தகமும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் வாங்குவது, சட்டப்படி, இரும்பை எடைக்கு வாங்குவதுதான். ஆர்.சி. இருந்தாலும் சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் அதனுடன் ஒத்துப்போக வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜினைப் பூட்டியிருப்பார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் சிக்கல்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் என்ஜின் ஏறிய ஜீப்புக்கு இந்த வழி அடைபட்டுவிடும். எண் கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போன்ற தேவைகளுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்டவும் முடியாது, வணிகத்துக்கும் விட முடியாது. சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், 20 ஆண்டு கடந்த இலகு ரக வாகனத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய்.

"செட்டிநாட்டு வீடுகளில் ஷூட்டிங் நடக்கிறது, கல்யாண ஊர்வலத்துக்கும் கேட்கிறார்கள், வாடகைக்கு விட்டு எடுத்துவிடலாம்" என்பது பலரின் கணக்கு. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடச் சட்டத்தில் இடமில்லை. அந்த வருமானத்தை நம்பி இறங்கக் கூடாது.

நிறத்திலும் ஒரு தடை இருக்கிறது. பட்டாளத்து வண்டி என்றாலே அந்த ஆலிவ் பச்சைதான் கண்ணில் நிற்கும். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் அந்த நிறம் அடிக்கக் கூடாது. முழுச் செலவும் செய்து, கடைசியில் பெயின்ட் அடித்த அன்றே விதியை மீறியவராகிவிடுவார்! அதிலும் நம் பிள்ளை ஒருவர் ராணுவ வண்டி போன்ற ஒன்றை ஓட்டிச் சென்று சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்லும் நிலையை எந்தத் தகப்பனும் விரும்ப மாட்டார்.

மார்க்கச் சட்டம் இதில் சுருக்கமானதுதான். சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு ஜகாத் இல்லை. விற்றுப் லாபம் பார்க்கும் நிய்யத்தில் வாங்கினால் அது வியாபாரச் சரக்கு. நிஸாபை அடைந்து ஆண்டு நிறைந்தால் அன்றைய மதிப்பில் இரண்டரை சதவீதம் கடமை. விற்கும்போது, மாற்றிய பாகங்களை மறைத்து 'ஒரிஜினல்' என்று சொல்வது மோசடி. வட்டிக்கு வாங்கிப் புதுப்பிப்பது பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கையின் திருமணமோ அத்தாவின் மருத்துவமோ காத்திருக்கும் வீட்டில் இது இஸ்ராஃப். அந்தச் சுமை இல்லாதவர், காகிதம் சரியான வண்டியை, திரும்ப வராது என்று தெரிந்த பணத்தில் புதுப்பித்தால் நாம் தடுக்க மாட்டோம்.

டாங்கு, லாரி போன்ற பெரியவற்றை நிறுவனங்களிடம் விட்டுவிடுவதே சரி. 1943-ல் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மானிய டைகர் டாங்கை, இங்கிலாந்தின் பொவிங்டன் அருங்காட்சியகம் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பிடித்தன. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் அகில்யாநகரில் (முன்பு அகமது நகர்) ராணுவமே டாங்கு அருங்காட்சியகம் நடத்துகிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும் செலவு ஒரு செட் டயருக்குள் அடங்கும்.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, முன்பக்கக் கிரில்லில் எத்தனை துளை என்று எண்ணிப் பார்த்து வரச் சொன்னோம். போர்க்கால ஜீப்பில் பெரும்பாலும் ஒன்பது நீளத் துளைகள் இருக்கும். பொதுமக்களுக்காகப் பின்னர் வந்த வடிவத்தில் ஏழு. சென்ற வாரம் அத்தாவும் மகனுமாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எண்ணியது அத்தாதானாம். ஏழு. உள்ளே டீசல் என்ஜின். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டதற்கு, விற்பவர் அடுத்த வாரம் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.