விருப்பப் பாடலும் சமூக உறவும்: மட்டக்களப்புப் பிரதேசத்தின் இசை இரசனை பற்றிய சில குறிப்புகள்

புதிதாக வெளிவந்த இசைத்தட்டு ஒன்றில் ஆறு பாடல்கள் இருப்பின், அவற்றுள் எது சிறந்தது என்ற வாதம் எழாத தேநீர்க்கடையோ மாணவர் விடுதியோ நம் நாட்டில் இருந்திருக்க முடியாது. ஒருவர் தமக்குப் பிடித்ததைச் சொல்வார், மற்றொருவர் மறுப்பார், மூன்றாமவர் தமது கட்சியை நிலைநாட்டப் பாடியே காட்டுவார். இத்தகைய உரையாடலை நமது இலக்கிய விமர்சனம் பொருட்படுத்தியதில்லை. பண்டித மரபினர் இதனை வெறும் பொழுதுபோக்கு என்றனர். முற்போக்காளர் சிலர் முதலாளித்துவப் பண்பாட்டின் நச்சு விளைவு என்றனர். இரு சாராரும் பாடலின் தரத்தை நோக்கினரேயன்றி, பாடலைத் தெரிந்தெடுத்துப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் மனிதரை நோக்கவில்லை.

இரசனை தனிமனிதரின் அகத்தே தானாகத் தோன்றுவது போலத் தெரியினும், அது சமூகத்தில் உருவாகிச் சமூகத்திலேயே செயற்படுவது. 1857இல் எழுதிய அரசியற் பொருளாதார முன்னுரையில், கலைப்பொருளின் உற்பத்தியானது அதனைச் சுவைக்கவல்ல மக்களையும் உருவாக்குகின்றது என்ற கருத்தை மார்க்ஸ் முன்வைத்தார். அதன் மறுபக்கத்தையும் நாம் கவனித்தல் வேண்டும். சுவைக்கும் மக்கள் ஒரு பாடலை எடுத்து, தம் பெயரையும் தம்மவர் பெயரையும் அதனோடு இணைத்து, அதற்கு ஒரு சமூக வாழ்வை அளிக்கின்றனர். அவ்வாழ்வினால் விளையும் பயன் யாரைச் சேர்கின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இவ்வினாவை மட்டக்களப்புப் பிரதேசத்தை, சிறப்பாக அதன் வடபுறத்தே கோறளைப்பற்றில் அமைந்த பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடி ஆகிய ஊர்களை மனங்கொண்டு ஆராய்வோம்.

1. பாடுவோரும் கேட்போரும்

ஆழங்குறைந்த கடலாற் பெயர்பெற்ற பாசிக்குடா இன்று உல்லாச விடுதிகளின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றது. எனினும் அது அடிப்படையில் ஒரு மீனவர் கரை. கரைவலைத் தொழிலிலே வலையை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடலில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் வாங்கிப் பாடுவர். இங்கே பாடுவோர், கேட்போர் என்ற பிரிவினை இல்லை. பாட்டின் தாளம் கயிற்றை இழுக்கும் கைகளின் தாளமாகும். வயல்வெளிகளில் எழுந்த பொலிப்பாட்டுக்கும், தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வழங்கிவந்த கவிகளுக்கும் இது பெரிதும் பொருந்தும். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பிரதேசத்தின் பாடல் வளத்தைத் தமிழுலகம் அறியச் செய்த நூல்களுள் ஒன்றாகும்.

இக்கவிகளுக்கு உரிமையாளர் இல்லை. பிடித்த கவியை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதே அதனைப் பாதுகாக்கும் வழியாகவும் பரப்பும் வழியாகவும் இருந்தது. பிடிக்காதது மறக்கப்பட்டது, பிடித்தது திருத்தப்பட்டு வாழ்ந்தது. அதாவது, தெரிவு என்பதே ஆக்கத்தின் ஒரு பகுதியாக விளங்கியது.

இந்நிலையை மாற்றியவை இசைத்தட்டும் வானொலியும் ஆகும். பாடல் எங்கோ தொலைவில், ஊதியத்துக்கு உழைக்கும் கலைஞரால், முதலீட்டாளர் ஒருவரின் பொருட்டு உற்பத்தி செய்யப்பட்டு முடிந்த பண்டமாக ஊருக்கு வந்து சேர்ந்தது. பாடிய கூட்டம் கேட்கும் கூட்டமாயிற்று. கேட்போருக்கு எஞ்சியது தெரிவு ஒன்றே.

2. தபால் அட்டை

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. அதன் பெருவளர்ச்சிக்கு இந்தியாவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு துணைசெய்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகிய பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய இசையை உயர்த்தும் நோக்குடன் அகில இந்திய வானொலியிலே திரையிசைக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தார். மக்கள் தம் இரசனையை மாற்றிக்கொள்ளவில்லை. வானொலியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். அதே ஆண்டில் கொழும்பிலிருந்து அமீன் சயானியின் குரலில் ஒலிக்கத் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ எனும் இந்தி நிகழ்ச்சி, பற்பசை விளம்பரத்துக்காகத் தோன்றி, துணைக்கண்டம் முழுவதிலுமிருந்து நேயர் கடிதங்களை ஈர்த்தது. ஈற்றில் 1957இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டிய நிலை இந்திய அரசுக்கு ஏற்பட்டது. மேலிருந்து விதிக்கப்படும் இரசனை நிலைக்காது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தமிழ் வர்த்தக சேவையும் இவ்வாறே கடல் கடந்த நேயர்களைப் பெற்றது. எஸ். பி. மயில்வாகனம், இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்களின் குரல்கள் ஈழத்திற்போலவே தமிழகத்திலும் வீட்டுக்குரல்களாயின. இச்சேவையின் நிகழ்ச்சிகளுள் நம் ஆய்வுக்கு முக்கியமானது நேயர் விருப்பமாகும். நேயர் ஒருவர் தபால் அட்டையிலே பாடலின் முதலடியையும் படத்தின் பெயரையும் எழுதி, அதன் கீழே தம் பெயரையும் உறவினர், நண்பர் பெயர்களையும் ஊரையும் குறிப்பிட்டு அனுப்புவார். அறிவிப்பாளர் அப்பெயர்களை வாசித்த பின்னர் பாடல் ஒலிக்கும்.

இங்கு நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பாடல் சென்னையில் ஆக்கப்பட்டது. அதன் உரிமை எங்கோ இருந்தது. ஆயினும் வாழைச்சேனையிலோ ஓட்டமாவடியிலோ இருந்த ஒருவரின் பெயர் சொல்லப்பட்டு அது ஒலிக்கையில், அப்பாடல் சில நிமிடங்களுக்கு அவருடையதாயிற்று. பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டபோது தமிழ்ப் பெயரும் முஸ்லிம் பெயரும் அருகருகே நின்றன. அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தும் வெவ்வேறு பாடசாலைகளுக்கும் வெவ்வேறு வழிபாட்டிடங்களுக்கும் சென்ற இரு சமூகத்தினரும், ஒரே பாடலை விரும்பியவர்கள் என்ற ஒரு பட்டியலில் இடம்பெற்றனர். இதனை மிகைப்படுத்தி இன ஐக்கியம் எனக் கொண்டாடுதல் தவறு. 1990இல் கிழக்கிலே இரு சமூகங்களையும் சேர்ந்த அப்பாவி மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டபோது, பகிர்ந்துகொண்ட பாடல்கள் அதனைத் தடுத்துவிடவில்லை. நிலம், அதிகாரம், ஆயுதம் என்பவற்றால் எழும் முரண்பாட்டைப் பாடல் தீர்க்காது. ஆயினும் பொதுவான உணர்வுலகம் ஒன்று இருந்தது என்பதற்கு அப்பட்டியல்கள் ஆதாரமாகும். அத்தகைய ஆதாரங்கள் நமக்கு அதிகம் இல்லை.

மறுபுறத்தில், வர்த்தக சேவை விளம்பரத்தால் நடந்தது. நேயர் அனுப்பிய ஒவ்வோர் அட்டையும் விளம்பரதாரருக்குக் காட்டத்தக்க ஒரு கணக்கு. அட்டைக்கும் முத்திரைக்கும் செலவழித்தவர் நேயர். அந்த அட்டைகளின் தொகையைக் காட்டி நேரத்தை விற்றது நிலையம். 1938இல் இசையின் பண்டமயமாதல் பற்றி எழுதிய அடோர்னோ, கேட்போர் பாடலைச் சுவைப்பதாக எண்ணிக்கொண்டு அதன் சந்தை வெற்றியையே வழிபடுகின்றனர் என வாதிட்டார். விளம்பரக் கணக்கைப் பொறுத்தவரை அவரது கூற்று பொருந்தும். ஆனால் அட்டையின் கீழ்ப்பகுதியில் எழுதப்பட்ட பெயர்களை அவரது கோட்பாடு விளக்காது. சந்தையில் வென்ற பாடல் எதுவென அறிய விரும்பியவருக்குத் தம் தங்கையின் பெயரையும் அயல்வீட்டார் பெயரையும் எழுத வேண்டிய தேவை இல்லை.

3. கரையோரத் தாளம்

விருப்பம் இந்தியத் திரையிசையோடு நின்றுவிடவில்லை. 1960களின் இறுதியிலிருந்து நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்தனர். மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ மொழி எல்லைகளைக் கடந்து தமிழகத்திலும் பரவியது. அவர் அங்கே ‘சிலோன் மனோகர்’ என்றே அறியப்பட்டார். கர்நாடக இசையை அளவுகோலாகக் கொண்டோர் இப்பாடல்களை இழிசுவை எனக் கருதினர்.

அவ்விழிசுவையின் வரலாற்றைத் தேடுவோர் மட்டக்களப்புக்கே வர வேண்டியிருக்கும். பொப்பிசையின் உயிராகிய பைலாத் தாளம், போர்த்துக்கேய, ஆபிரிக்கக் கலப்பில் இத்தீவின் கரையோரங்களில் வளர்ந்தது. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போயினும், அவர் வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் போர்த்துக்கேயக் கலப்புமொழியையும், திருமண வீடுகளில் ஆடும் கப்றிஞ்ஞாவையும் பேணிவந்துள்ளனர். புதிய இசைத்தட்டின் புதுமையாக இளைஞர் விரும்பியது, அயலிலுள்ள ஒரு சிறுபான்மையினரின், பெரும்பாலும் கைத்தொழிலாளராக வாழ்ந்த மக்களின், பழைய சொத்தாகும். ‘உயர்ந்தது’, ‘தாழ்ந்தது’ என்ற பாகுபாட்டின் பின்னே வர்க்க நிலையும் சாதி நிலையும் தொழிற்படுவதை இதனின்றும் உணரலாம்.

4. ஒலிநாடாவும் கொப்பியும்

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் இசைத்தட்டும் அதனை இயக்கும் கருவியும் சாதாரண மக்களுக்கு எட்டாதவையாயிருந்தன. வானொலி நிலையத்தின் இசைத்தட்டுக் களஞ்சியமே மக்களின் பொதுச் சொத்துப் போல் விளங்கியது. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரமும், மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றோர் கொண்டுவந்த ஒலிப்பதிவுக் கருவிகளும் இந்நிலையை மாற்றின. கிழக்கின் வறிய குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணி செய்து ஈட்டிய பணம், ஊர்களில் பாட்டாகவும் ஒலித்தது என்பதை மறத்தலாகாது.

சிறுநகரங்கள் தோறும் ஒலிப்பதிவு நிலையங்கள் தோன்றின. வெற்று ஒலிநாடாவையும் பாடல் பட்டியலையும் கொடுத்தால், வெவ்வேறு படங்களிலிருந்து விரும்பிய பாடல்களைத் தொகுத்துத் தருவர். 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்கள் இக்காலத்துப் பட்டியல்களை ஆண்டன. தயாரிப்பாளர் வகுத்த தொகுதியைக் குலைத்து, நேயர் தமது தொகுதியை அமைத்துக்கொண்டார். கவியிலே நாம் கண்ட தெரிவின் ஆக்கத்தன்மை இங்கே வேறு வடிவில் மீண்டது எனலாம். ஒலிநாடா கைமாறியது, இரவல் போனது, திரும்பி வராமலும் போனது. இதனோடு, திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களும், பாடல் வரிகளை வானொலியிலிருந்து கேட்டெழுதிய பாட்டுக் கொப்பிகளும் சேர்ந்து, எழுத்தும் ஒலியும் கலந்த ஒரு மக்கள் களஞ்சியம் உருவாயிற்று.

இக்களஞ்சியம் சட்டத்தின் பார்வையில் களவாகவே தோன்றும். ஆனால் சட்டம் யாருடைய உழைப்பைக் காத்தது என்பதும் வினாவுக்குரியது. கூலிக்கு அமர்த்தப்பட்டுத் திரைப்படத்துக்கு ஆக்கிய இசையின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்துத் தயாரிப்பாளரே என 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமப்பணத்தில் பங்கு கிடைப்பதற்கு 2012ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆக்கியோரும் சுவைத்தோரும் சட்டத்துக்கு வெளியே நிற்க, இடையே நின்ற மூலதனமே உரிமை பெற்றது.

5. இன்றைய நிலை

1990களின் இறுதியில் தனியார் பண்பலை வானொலிகள் வந்தபோது தபால் அட்டையின் இடத்தைத் தொலைபேசி அழைப்பு பிடித்தது. இன்று புதிய பாடல் வெளியான கணத்திலேயே பாசிக்குடாவிலும் பாரிஸிலும் கைத்தொலைபேசியிற் கேட்கப்படுகின்றது. விருப்பத்தை அறிவிக்க அட்டை தேவையில்லை, விரல் போதும். ஆயினும் இரு மாற்றங்கள் கவனத்துக்குரியன.

முதலாவது, விருப்பம் அளக்கப்படும் முறை. அன்று நேயர் எழுதியபோது மட்டுமே அவரது விருப்பம் பதிவாயிற்று. இன்று எந்த இடத்திற் பாடலை நிறுத்தினார், எத்தனை முறை திரும்பக் கேட்டார் என்பன யாவும் அவரறியாமலே பண்டமாகின்றன. அவ்வளவு துல்லியமான கணக்கு இருந்தும் அதன் பயன் ஆக்கியோருக்குச் சென்றடைவதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் முன்னோரை நினைந்து அறிவு பாடல் வரிகளை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடி, 2021இல் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகெங்கும் பல கோடி முறை கேட்கப்பட்டது. மூன்றாண்டுகளின் பின், 2024இல், அப்பாடலால் தமக்கு எவ்வித வருவாயும் வரவில்லை என அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகத் தெரிவித்தார். நிலமற்றோரின் உழைப்பைப் பாடிய பாட்டுக்கே இக்கதி நேர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது, பட்டியலின் தன்மை. அன்றைய பட்டியல் பலர் பெயரால் ஆனது. எல்லோரும் ஒரே வேளையிற் கேட்டது. இன்று ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்டவற்றைக் கொண்டு இயந்திரம் தனித்தனிப் பட்டியலை வகுக்கின்றது. அயலூரவர் எதை விரும்புகின்றார் என்பதைத் தற்செயலாக அறியும் வாய்ப்பு அருகிவிட்டது. நண்பர்கள் பாடல்களைப் பரிமாறிக்கொள்கின்றனர். ஆனால் முன்பின் அறியாதவர் பெயர் நம் வீட்டுக்குள் வந்து நிற்பதில்லை.

6. செய்ய வேண்டுவன

கடந்த காலத்துக்கு மீள்வதை நாம் வேண்டவில்லை. வர்த்தக சேவையும் வணிகமே. ஆயினும் மக்கள் தம் விருப்பத்தைக் கொண்டு தாமே அமைத்த உறவுகளின் வரலாறு எழுதப்படாமலே மறைகின்றது. இளங்கோவடிகள் சுட்டிய யாழை ஆராய்ந்து 1947இல் ‘யாழ்நூல்’ தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த மண் இது. பழந்தமிழர் இசைக்கருவிக்கு நாம் அளிக்கும் மதிப்பில் ஒரு பங்கையேனும், அண்மைக்காலத்து உழைக்கும் மக்கள் எதைக் கேட்டனர், யாருக்காகக் கேட்டனர் என்ற வினாவுக்கு அளித்தல் வேண்டும்.

போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் வீடுகளையே அழித்த இக்கரையோரத்தில் பாட்டுக் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் எஞ்சியிருத்தல் அரிது. எஞ்சியவற்றை, அவற்றின் உறைகளில் எழுதப்பட்ட பெயர்களோடும் பட்டியல்களோடும் சேகரிப்பதும், நேயர் விருப்பத்துக்கு எழுதியோரின் நினைவுகளைத் தமிழ், முஸ்லிம், பறங்கியர் ஆகிய சமூகத்தினர் அனைவரிடமும் கேட்டுப் பதிவுசெய்வதும் வந்தாறுமூலையிலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் பயிலும் தமிழ் மாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். அட்டை எழுதியோர் பலர் இன்று முதுமை எய்திவிட்டனர். பணி தாமதிக்குமாயின் வணிகர் கணக்கு மட்டுமே சான்றாக எஞ்சும்.