முத்திரைக்கு முன்னால் பெயரைப் பாருங்கள்

வளைகுடாவுக்கு ஆள் போகாத ஊரைக் குமரி மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடலோரத்து இளைஞர்கள் மீன்பிடி வேலைக்குப் போகிறார்கள். நர்சிங் முடித்த பெண்கள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறார்கள். வேலை உறுதியானதும் எல்லோர் வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: சர்ட்டிபிகேட்டை எங்கே அட்டஸ்ட் செய்வது?

போகும் நாட்டைப் பொறுத்தது அது. 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' என்ற ஒரே சான்று போதும். இந்தியாவில் அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமன் 2012-இலும் சவுதி 2022 டிசம்பரிலும் இதற்குள் வந்தன. அமீரகமும் குவைத்தும் சேரவில்லை. அங்கே போகிறவர்கள் நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரைக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரகத்திலும் முத்திரை வாங்க வேண்டும்.

அப்போஸ்டில் என்பது சான்றிதழில் ஒட்டப்படும் சதுர ஸ்டிக்கர். தலைப்பு பிரெஞ்சில் இருக்கும். கீழே பத்து விவரங்கள்: எந்த நாட்டு ஆவணம், கையெழுத்திட்டவர் யார், என்ன பதவி, யாருடைய முத்திரை, எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று வரிசையாகப் போகும். உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். கையெழுத்தும் பதவியும் முத்திரையும் உண்மை என்று மட்டுமே அது சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது சரியா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் சிக்குவது இங்கேதான். பள்ளிச் சான்றிதழில் 'எஸ். மேரி', பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயரும் சேர்ந்திருக்கும், திருமணப் பதிவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அங்குள்ள அதிகாரிக்கு மூன்று பேர். எத்தனை முத்திரை குத்தினாலும் அந்த வித்தியாசம் மறையாது. பிழை எந்தப் பதிவில் இருக்கிறதோ அந்த அலுவலகத்தில் முதலில் திருத்த வேண்டும்; பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழில் வெளியிட வேண்டும்.

முதியவர்களின் ஆவணங்களில் இன்னொரு சிக்கல். 1956 நவம்பர் 1-க்கு முன் இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், அக்காலப் பதிவுகள் பல மலையாளத்தில் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அவற்றை மொழிபெயர்த்துச் சான்று பெற வேண்டியிருக்கும்.

கேரளக் கல்லூரியில் படித்தவர்கள் சென்னைக்கு ஓட வேண்டாம். எந்த மாநிலம் சான்றிதழ் கொடுத்ததோ அந்த மாநிலமே அதை முதலில் சரிபார்க்கும். கேரளக் கல்விச் சான்றுகளை அம்மாநில அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் திருவனந்தபுரத்திலேயே சரிபார்த்துக் கொடுக்கிறது. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். தமிழ்நாட்டுச் சான்றிதழ்களுக்கோ பெரும்பாலும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. எழுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குமரி மக்களுக்கு இது அநியாயமான அலைச்சல்; நாகர்கோவிலிலேயே ஒரு சரிபார்ப்பு மையம் வைக்க அரசு முன்வர வேண்டும்.

அலைய முடியாமல்தான் பலரும் ஏஜென்டிடம் போகிறார்கள். அசல் சான்றிதழைக் கையில் கொடுக்கும்போதே ரசீது வாங்கிவிடுங்கள். அப்போஸ்டிலுக்கு வெளியுறவு அமைச்சகம் விதித்திருக்கும் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன செலவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.