பாடத்துக்குள் மறைந்திருக்கும் பிரமிட்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர். அவர்களுடைய வாட்சப்புக்கு வரும் விளம்பரங்களில் ஒரு வகையைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். பிளாக்செயின் கொடுப்பனவு, வெப் த்ரீ, யூஎஸ்டிடி, பேபால் என்று சில சொற்கள், சில வார சூம் வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ், படிக்கும்போதே உழைக்கலாம் என்ற வாக்குறுதி. காசைக் கணக்கில் போட்டுவிட்டுச் சிலிப்பை அனுப்பினால் போதுமாம்.

இந்தத் தொழில்நுட்பம் படிக்கத் தகுந்ததுதான். காலி வீதிக் கடைகளின் காசுமேசையில் இருக்கும் லங்காகியூஆர் அட்டையை அதில் இணைந்த எந்த வங்கியின் செயலியாலும் வாசிக்க முடிவது, அந்த வங்கிகள் ஒரே நியமத்தை ஏற்றதால். 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவிலிருந்து வருபவர்கள் தங்கள் யூபிஐ செயலியால் அதே அட்டைக்குப் பணம் செலுத்துகிறார்கள். இதன் உள்வேலை தெரிந்த பிள்ளைக்கு நாளை வேலை இருக்கிறது. ஆகவே, படிக்காதே என்று தடுப்பது தீர்வாகாது. விற்கப்படுவது பாடமா, வருமானமா என்று பிரித்துப் பார்க்கத்தான் பழக வேண்டும்.

உலகின் மிகப் பெரிய கிரிப்டோ மோசடிகளில் ஒன்றான வன்கொயின் விற்றது 'கல்விப் பொதி'களைத்தான். 2014இல் ருஜா இக்னாட்டோவாவும் கார்ல் கிரீன்வுட்டும் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பொதியொன்று 100 யூரோவிலிருந்து 118,000 யூரோ வரை விலைபோனது. பாடக் குறிப்புகளோடு டோக்கன்களும் கிடைக்கும், அவற்றை நாணயமாக மாற்றலாம் என்றார்கள். புதிய ஆளைச் சேர்த்தால் தரகு. அந்த நாணயத்துக்குப் பின்னால் உண்மையான பிளாக்செயினே இருக்கவில்லை. 400 கோடி டொலருக்கு மேல் திரண்ட பிறகு, 2017 ஒக்டோபரில் இக்னாட்டோவா காணாமற்போனார். கிரீன்வுட்டுக்கு 2023 செப்டெம்பரில் அமெரிக்க நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது. பாடத்தின் பெயரால் காசு வாங்கினால், முதலீடு வாங்கவில்லை என்று சொல்லித் தப்பலாம் என்ற கணக்கு இப்போதும் பலரிடம் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்கிறது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி, பங்கேற்பாளர் பணம் செலுத்தி, அவருக்குக் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் புதிய ஆட்கள் சேர்வதிலேயே தங்கியிருந்தால் அது தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம். நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம். எம்டிஎஃப்இ செயலியையும் அதனோடு தொடர்புடைய நிறுவனங்களையும் 2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. நம்மிடையே இப்படியான திட்டம் பரவுவது உறவு வழியாகத்தான்: மச்சான் சொன்னான், சித்தி சேர்ந்திருக்கிறா, கோயிலில் கண்ட அண்ணா நல்லவர். 'மூன்று பேரைச் சேர்த்தால் கட்டணம் திரும்பும்' என்ற பேச்சை நம்பித் தங்கையைச் சேர்க்கும் பிள்ளை, காசை இழந்தவராக மட்டும் நிற்கமாட்டார், ஊக்குவித்தவராகவும் விசாரிக்கப்படலாம். இதை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்து 'செய்முறைப் பயிற்சி'யில் இருக்கிறது. யூஎஸ்டிடி என்ற மெய்நிகர் நாணயத்தை வாங்கி விற்றுப் பழகலாம் என்று மாணவரின் வங்கிக் கணக்கினூடாகத் தெரியாதவர்களின் பணத்தை ஓடவிடுவார்கள். அது வேறொருவரிடம் ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால் முடக்கப்படுவது பிள்ளையின் கணக்கு, பொலிஸ் தேடி வருவது பிள்ளையின் வீட்டுக்கு. மெய்நிகர் நாணயத் திட்டம் நடத்த எவருக்கும் உரிமம் வழங்கவில்லை என்றும், அதற்கு வங்கி அட்டைகளால் பணம் செலுத்த அனுமதியில்லை என்றும் மத்திய வங்கி 2022 ஜூலையில் அறிவித்தது. பேபாலின் கதையும் இதற்குக் கிட்டத்தான். இலங்கைக் கணக்கால் பணம் அனுப்பலாம், பெற முடியாது. வேறு நாட்டு முகவரி கொடுத்துக் கணக்குத் திறக்கக் கற்றுத்தருபவர், பேபால் அதை முடக்கும் நாளில் உங்களோடு இருக்கமாட்டார்.

காசு கட்டுமுன் நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு இலக்கம் மூன்றையும் கேளுங்கள். தொழிற்பயிற்சி தரும் நிறுவனமானால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று பாருங்கள். கட்டணம் தனியாளின் கணக்குக்கு என்றால் விலகிவிடுங்கள். உடனடி வங்கிமாற்றில் போன பணத்தை நீங்களாகத் திரும்ப இழுக்க முடியாது. அட்டையில் செலுத்தினால் வங்கியிடம் தகராறு எழுப்பவாவது வழியுண்டு. பலர் விலைவைத்து விற்கும் விடயங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன: இணையத்தளங்களில் பணம் செலுத்தும் முறைக்கு டபிள்யூ3சி அமைப்பு 2022இல் இறுதியாக்கிய நியமத்தை எவரும் வாசிக்கலாம், நிக்கோசியா பல்கலைக்கழகம் எண்ணிம நாணயம் பற்றி ஓர் இலவசப் பாடம் நடத்துகிறது, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடங்களில் நிரலாக்கத்தின் அடிப்படை இருக்கிறது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மோசடிக்காரருக்கே உதவும். முதலில் உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள், காசு இன்னும் அந்தக் கணக்கில் கிடக்கலாம். விளம்பரம், உரையாடல், சிலிப், கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள், குழுவிலிருந்து உடனே வெளியேற வேண்டாம். வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். இணைய மோசடிக்கு இலங்கைக் கணினி அவசரநிலைக் குழுவின் இலக்கம் 101.

சொன்னது ஒன்று, கற்பித்தது ஒன்றானால் அது நுகர்வோர் பிரச்சினை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட மூன்று மாதமே அவகாசம், விளக்கம் கேட்க 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். 'கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்ற வரியைப் பார்த்து மனம்விட்டுவிடாதீர்கள். பொய் சொல்லி வாங்கிய காசை அந்த வரி நியாயமாக்காது.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கொழும்பில் வாழும் உங்களுக்கும் அந்த உரிமையைத் தருகிறது. பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்து விளக்கும்வரை கையெழுத்திடாதீர்கள். மறுத்தால் நாள், நேரம், நிலையத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, ராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.