உழைப்பாளியின் தோற் சப்பாத்து

செருப்புக்காகக் காலைத் தறிப்பார் உண்டோ என்று நம் முன்னோர் கேட்டனர். ஆயினும் மேனாட்டில் நெடுங்காலம் நடைபெற்றது ஏறத்தாழ அதுவே எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் அங்கு விற்பனையான சப்பாத்துகளிற் பல, இடக்கால் வலக்கால் என்னும் வேறுபாடின்றி ஒரே அச்சில் அமைந்தவை. அணிபவனே கால் நொந்து அவற்றைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

‘சப்பாத்து’ என்னும் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. அதனைக் கேட்டதும் உத்தியோகத்தரின் பளபளப்பான காலணியே நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால் மரம் வெட்டுவோனும், சுரங்கத் தொழிலாளியும், தச்சனும் அணிந்த, கணுக்காலை மறைக்கும் தடித்த தோற் சப்பாத்தின் வரலாறு வேறு. இன்று நகரத்து ஆடவரும் அதனை விரும்பி நாடுகின்றனர். அதன் கவர்ச்சிக்குக் காரணம் யாது?

பட்டியில் உள்ள நுட்பம்

மலிவான சப்பாத்தில் அடிப்பாகம் பசையினால் ஒட்டப்படுகின்றது. பசை விட்டால் சப்பாத்தின் ஆயுளும் முடிந்தது. நற்சப்பாத்திலோ, மேற்றோலின் ஓரத்தைச் சுற்றி ஒடுங்கிய தோற்பட்டி ஒன்றை வைத்து, இரண்டையும் உள்ளடியோடு சேர்த்துத் தைப்பர். நடுவில் உண்டாகும் பள்ளத்தைத் தக்கையால் நிரப்புவர். பின்னர் அப்பட்டியோடு மட்டும் வெளியடியைத் தைப்பர். வெளியடி தேய்ந்தால் வெளித்தையலை அறுத்துப் புதிய அடி வைக்கலாம். மேற்றோலை ஊசி தீண்டுவதில்லை. உள்ளடியும் தக்கையும் நாளடைவில் அமிழ்ந்து, அணிபவனின் பாதத்துக்கே உரிய அச்சாகிவிடுகின்றன.

இத்தையலை இயந்திரத்தாற் செய்யும் வழியை 1870ஆம் ஆண்டையொட்டி வளர்த்தெடுத்தவர் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர். இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டவரும், அதே பெயருடையவருமான அறிஞரின் மைந்தர் இவர்.

விலை இறங்கிய கதை

மேற்றோலை அச்சின்மீது இழுத்து மடித்துப் பொருத்தும் வேலை மட்டும் கைவினைஞரிடமே தங்கியிருந்தது. தேர்ந்தவரும் நாளொன்றுக்கு ஐம்பது சோடிக்கு மேற் செய்தல் அரிது. சுரினாமில் 1852இல், ஒல்லாந்தத் தந்தைக்கும் ஆபிரிக்க வழிவந்த தாய்க்கும் பிறந்தவர் ஜான் மற்செலிகர். மசச்சூசெற்ஸ் மாநிலத்து லின் நகரில் சப்பாத்துத் தொழிற்சாலையில் உழைத்துக்கொண்டே, சுருட்டுப் பெட்டிப் பலகைகளால் மாதிரி செய்து, அவ்வேலைக்குரிய இயந்திரத்தை அமைத்து 1883இல் ஆக்கவுரிமை பெற்றார். அது ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சோடிகளை முடித்தது. சப்பாத்தின் விலை இறங்கியது. ஆனால் கையால் அச்சேற்றியோரின் செல்வாக்கும் அதனோடு குலைந்தது. மற்செலிகரோ தம் முயற்சியின் பெரும்பயனைத் துய்க்காமலே காசநோயால் 1889இல், முப்பத்தாறு வயதில் மறைந்தார். 1991இல் அமெரிக்கா அவர் உருவம் பொறித்த அஞ்சற்றலையை வெளியிட்டது.

ஆற்றங்கரை ஊர்

மினசோற்றா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், டக்கோற்றா மக்களின் தலைவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் றெட் விங். தோல் பதனிடும் சாலை ஒன்று 1872இலே அங்கு தோன்றியது. 1905இல் சாள்ஸ் பெக்மன் என்பவர் அவ்வூரின் பெயரிலேயே சப்பாத்து நிறுவனம் தொடங்கினார். பிற்காலத்தில் அத்தோற்சாலையும் அந்நிறுவனத்தின் உடைமையாயிற்று. 1950களில் அங்கு உருவான செந்நிறத் தோற் சப்பாத்து, மென்மையான தட்டை இறப்பர் அடியினால் ஓசையின்றி நடக்க உதவியது. வேட்டைக்காரருக்கென எழுந்த அதனைத் தச்சரும் இரும்பு வேலையாளரும் தமதாக்கிக்கொண்டனர்.

இன்று இத்தகைய சப்பாத்தின் விலை, அதனை முதலில் அணிந்த கூலியாளரின் வழிவந்தோர் பலருக்கும் எட்டாதது. அது வருந்தத்தக்கதே. எனினும் ஒன்றைப் பலமுறை செப்பனிட்டு அணிவது, ஆண்டுதோறும் ஒன்றை வாங்கி எறிவதினும் மேலன்றோ?

வாங்குவோர் கவனத்துக்கு

விலையை மட்டும் கண்டு தரத்தை மதிப்பிடல் ஆகாது. பட்டியின் மேல் தெரியும் தையல் சில வேளைகளில் வெறும் அலங்காரமாகவும் இருக்கும். ஆதலின் அடி மாற்றத் தக்கதா என்று கேட்டறிதல் நன்று. மாலையிலே கால் சற்று வீங்கியிருக்கும். அப்பொழுது அணிந்து பார்த்தலே முறை. நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைத்தல் கூடாது, தோல் வெடித்துவிடும். உள்ளே கடதாசி திணித்து நிழலில் உலர்த்துக. அடுத்தடுத்த நாள்களில் ஒன்றையே அணியாது இடைவிடுக. மாரி காலத்திற் பூஞ்சணம் பிடியாதிருக்கக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, இடையிடையே தூரிகையால் துடைத்து மெல்லிதாக எண்ணெய்ப் பசை பூசுக.

எல்லாவற்றிலும் மேலாக, அடி மாற்றத் தெரிந்த கைவினைஞர் ஒருவரை அறிந்து வைத்திருத்தல் வேண்டும். அவருக்கு வேலை கொடுப்போர் இல்லாவிடின், எத்துணை நல்ல சப்பாத்தும் ஓரடி தேயும் வரையில்தான் உழைக்கும்.