வகுப்பறையில் வினாவும் கலந்துரையாடலும்



வெள்ளிங்கிரி மலையின் அடிவாரத்திலே, பாக்கும் தென்னையும் சின்ன வெங்காயமும் விளையும் தொண்டாமுத்தூர் வட்டாரத்திலே, ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் பணியாற்றினேன். அந்த ஆண்டுகளில் நான் கற்பித்தவை பல. ஆனால், எனக்குக் கற்பிக்கப்பட்டவற்றுள் பெரியது ஒரு சிறுவன் கேட்ட கேள்வியாகும்.

நான் பணியில் சேர்ந்த புதிது. எட்டாம் வகுப்பில் புவியியல் பாடம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுகிறது. மேலே குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. மலையைக் கடந்து இறங்கும்போது வெப்பமடைந்து வறண்டு போகிறது. ஆதலால் கோயமுத்தூர்ச் சமவெளி மழை மறைவுப் பகுதியில் உள்ளது என்று விளக்கினேன். மாணவர்கள் அனைவரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். எனக்குப் பெருமிதம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, மலைமேல நாள் பூரா மழை பெய்யுது. அடிவாரத்துல இருக்கற எங்க தோட்டத்துக் கிணத்துல ஏனுங்க தண்ணி ஊற மாட்டேங்குது?" என்று கேட்டான்.

அவ்வினாவிற்கு எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் அன்று இல்லை. "பாடத்தில் உள்ளதை மட்டும் கேள், உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் மறுபடி எழவே இல்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் எழவில்லை. வகுப்பு அமைதியாயிற்று. அவ்வமைதியை நான் ஒழுக்கம் என்று எண்ணிக் கொண்டேன்.

வினா என்பது என்ன என்பதை நம் முன்னோர் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். அவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன. தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிந்துள்ளாரா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று மயங்கிக் கேட்பது ஐயவினா. இம்மூன்றையும் நம் வகுப்பறையோடு பொருத்திப் பாருங்கள். ஆசிரியர் கேட்பவை பெரும்பாலும் அறிவினாக்களே. நொய்யல் எங்கே தோன்றுகிறது, காவிரியில் எங்கே கலக்கிறது என்பன போன்றவை. இவை வேண்டியவைதாம். ஆயினும், அறிவு வளர்வது அறியாவினாவிலும் ஐயவினாவிலும் அன்றோ? அவ்விரண்டும் மாணவனிடம் பிறக்க வேண்டியவை. அந்தச் சிறுவன் கேட்டது அத்தகைய வினா. நான் அதனைப் பிறந்த இடத்திலேயே அடக்கி விட்டேன்.

பவணந்தியார் பிறந்த சனகாபுரம் ஈரோடு மாவட்டத்திலுள்ள சீனாபுரமே என்று கொங்கு நாட்டார் உரிமை பாராட்டுவதுண்டு. அவர் மற்றொரு செய்தியும் கூறியுள்ளார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக் கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்கே; உடன் பயில்வாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால் பங்கு வரும்; தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது எஞ்சிய அரைப் பங்கும் நிறையும் என்பது அவர் கருத்து. குழுவாகக் கூடிக் கற்றல் மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உண்மையில், ஒரு காலத்தில் இம்முறை இங்கிருந்தே மேனாட்டிற்குச் சென்றது. 1789ஆம் ஆண்டு சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் புகுத்தி, மூத்த மாணவரைக் கொண்டு இளைய மாணவருக்குக் கற்பித்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது. அவர் 1797இல் இலண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தில் பரவியது. எனினும் அம்முறையில் ஒரு குறை உண்டு. மூத்தவன் சொல்வான், இளையவன் ஒப்பிப்பான். இருவரும் சேர்ந்து ஐயுறுவதற்கு அங்கே இடம் குறைவு.

இக்காலத்து ஆய்வுகள் இரண்டினைச் சொல்ல விரும்புகிறேன். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அறிஞர் 1970களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டார். வினா எழுப்பிய ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே! அதனை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. பேசாத மாணவரும் பேசினர். மாணவர் கேட்கும் வினாக்களும் பெருகின. மூன்று நொடி மௌனம் எவ்வளவு பெரிய ஆசிரியன் பாருங்கள்!

மற்றொன்று, 2009ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. மாணவர் ஒரு வினாவிற்கு முதலில் தனித்தனியே விடை எழுதினர். பின்பு அருகிலிருப்பவரோடு கலந்து பேசி மீண்டும் விடை எழுதினர். அதன்பின் அதே கருத்தைப் பற்றிய புதியதொரு வினாவிற்குத் தனியே விடை எழுதினர். பேசிய பின் விடைகள் சிறந்தன. நன்றாகப் படிப்பவனைப் பார்த்து மற்றவர் எழுதியிருப்பர் என்று நீங்கள் கருதலாம். ஆனால், தொடக்கத்தில் எவருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களிலும் பலர் பேசிப் பேசியே உண்மையைக் கண்டடைந்தனர் என்று அவ்வாய்வு காட்டியது. காரணம் எளிது. என் எண்ணத்தைப் பிறருக்குச் சொல்லும்போதுதான் அதிலுள்ள ஓட்டை எனக்கே தெரிகிறது.

நம் மாநிலத்திலும் இவ்வழியில் முயற்சிகள் நடந்துள்ளன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற முறை வந்தது. பாடத்தைத் தாமே படித்தல், கருத்துகளை மனவரைபடமாக வரைதல், குழுவில் கூடித் தொகுத்தல், வகுப்பின் முன் வழங்குதல் என்பன அதன் படிகள். என் பள்ளியிலும் அதனைச் செய்தோம். முதலில் நான் கண்டது என்ன? ஆறு பேர் வட்டமாக உட்கார்வர், ஒருவன் எழுதுவான், ஐவர் அவனைப் பார்த்துப் படியெடுப்பர். வட்டமாக உட்கார்வது கலந்துரையாடல் ஆகாது என்பதை அன்று அறிந்தேன். பேசுவதற்கு உரிய வினா இல்லாவிடில் குழு வெறும் கூட்டமே.

அக்காலத்தில்தான், எட்டாம் வகுப்பில் என்னைக் கேட்ட அந்தப் பையனை ஆலாந்துறைச் சாலையில் கண்டேன். அவன் இப்போது குடியானவன். ஆழ்துளைக் கிணறுகள் இரண்டு போட்டுத் தண்ணீரின்றிக் கடன்பட்டிருந்தான். நலம் விசாரித்த பிறகு, சிரித்துக்கொண்டே, "அன்னைக்கு நான் கேட்டதுக்கு இப்பவாவது பதில் தெரியுங்களா ஐயா?" என்றான். அவன் மனத்தில் குறை இல்லை. எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறு வாரம் அவன் வினாவையே எட்டாம் வகுப்பின் முன் வைத்தேன். முதலில் ஒவ்வொருவரும் தனியே எழுதச் சொன்னேன். பிறகு நால்வர் நால்வராகப் பிரித்தேன். ஒருவர் கேட்பவர், ஒருவர் மறுப்பவர், ஒருவர் குறிப்பெடுப்பவர், ஒருவர் சொல்பவர். மறுநாள் பணிகள் மாறும். வீட்டுப் பெரியவர்களையும் கேட்டு வரச் சொன்னேன். வழக்கமாக வாய் திறவாத ஒரு மாணவி, தன் பாட்டனார் கிணறு வெட்டியபோது சில ஆள் ஆழத்திலேயே பாறை வந்துவிட்டது என்றாள். ஒருவன், சித்திரைச் சாவடி அணைக்கட்டு வாய்க்காலில் தண்ணீர் வந்து குளம் நிரம்பினால் அடுத்த மாதம் கிணறு ஊறும் என்றான். வேறொருவன், சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் திறந்த கிணறுகள் வற்றின என்றான். இவற்றைச் சேர்த்து அவர்களே விடை கண்டனர். இங்கே நிலத்தடியில் கடும்பாறை. நீர் தங்குவது மேலுள்ள சிதைந்த மண்ணடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே. மலைமழை நொய்யலில் விரைந்து ஓடிவிடும். குளங்களில் தேங்கினால்தான் நிலத்தில் இறங்கும். இறங்குவதைவிட மிகுதியாக இறைத்தால் கிணறு வற்றும். ஒருவருக்கும் முழு விடை தெரியாது. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. அத்துண்டுகள் கூடிய இடமே வகுப்பறை.

அந்த விடையை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அவன் தோட்டத்திற்குச் சென்றேன். போன கடனை அத்தாள் மீட்டுத் தராது. ஆயினும் மூன்றாவது குழி தோண்டுவதற்கு வைத்திருந்த பணத்தில், தன் வயலில் மழைநீர் தேங்கப் பண்ணைக் குட்டை ஒன்று வெட்டினான். முப்பது மாணவர் பேசித் தீர்த்த வினா ஒரு குடும்பத்திற்குப் பயன்பட்டது. இருபது ஆண்டுகள் முன்னரே பயன்பட்டிருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டு நீங்கவில்லை.

மாணவர்களே! உங்களுக்குச் சில சொற்கள். புரியாததைக் கேட்க நாணாதீர்கள். கேட்குமுன் அதனை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள், வினா தெளிவாகும். குழுவில் பேசும்போது ஆளை மறுக்காமல் கருத்தை மறுத்துப் பேசுங்கள்; மறுப்பதற்குக் காரணம் சொல்லுங்கள். நன்றாகப் பேச வல்லவர் சற்றுப் பொறுத்து, பேசாத தோழரை "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். விடை கண்டபின் அதனை வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிப் பாருங்கள். தடுமாறும் இடமே நீங்கள் மறுபடி படிக்க வேண்டிய இடம்.

நாளை ஆசிரியராகப் போகிறவர்களும் உங்களுள் இருப்பீர்கள். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தால், விடை தெரியாவிட்டாலும் அஞ்சாதீர்கள். "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு ஒரு நாள் போதும்.